ஆடாதவர்களின் ஆட்டம்

ஜனவரி இரவு, மணி இரண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்றொரு நகரம். அங்கே டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்குக்கு எதிரே, புல்வெளி முழுக்க வரிசையாக டென்ட்டுகள். குளிர் உறைநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஹாரன் அலறுகிறது. டென்ட் ஜிப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. போர்வையைச் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைத் துழாவி எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். வருகைப்பதிவு நடக்கிறது. வகுப்பறை வருகைப்பதிவுக்கு இவர்களில் பாதிப் பேர் இந்த வேகத்தில் வந்திருக்க மாட்டார்கள்.

இத்தனையும் ஒரே ஒரு கூடைப்பந்து மேட்சைப் பார்ப்பதற்காக. அந்த மேட்சும் நாளையோ மறுநாளோ இல்லை. இன்னும் பல வாரங்கள் கிடக்கின்றன.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவி. பெயர் வேண்டாம். அவள் மட்டும்தான் கற்பனை. அவளைச் சுற்றியுள்ள ஊரும் விதிகளும் வரலாறும் நிஜம். பக்கத்து கேரி நகரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். டென்ட்டுக்குள் டார்ச் வெளிச்சத்தில் அவள் மடியில் விரிந்து கிடப்பது வேதியியல் பாடம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஓர் இசை நாடகத்தின் வசனப் பிரதி. வசந்த காலத்தில் மேடையேற வேண்டும். மாலையில் ஒத்திகை, இரவில் டென்ட் காவல், காலையில் ஆய்வகம். வீட்டிலிருந்து அம்மா போனில் கேட்கிறாள்: "ஏன்டி, வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல கட்டிப் படிக்க அனுப்பினா, நீ புல்தரையில படுத்துத் தூங்குறியா?"

நியாயமான கேள்விதான். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து டியூக்கின் ஆண்டுச் செலவுப் பட்டியல் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டது. உதவித்தொகை வாங்காத குடும்பம் என்றால் முழுதும் கைக்காசு.

மகளிடம் அதற்கு நேரான பதில் இருக்காது. 'ஃபன்மா' என்பாள். கூடைப்பந்தின் மேல் உள்ள காதல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. அந்த அரங்கில் மாணவர் கூட்டம் பார்வையாளராக மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, உட்காருவதே இல்லை. முகத்துக்குச் சாயம், முன்பே எழுதிய வசனம், ஒத்திகை பார்த்த கையசைவு, தொலைக்காட்சி கேமரா என எல்லாம் அங்கே உண்டு. நம் ஊரில் பெரிய நடிகர் படத்தின் முதல் காட்சியில் திரையைவிடத் திரைக்கு முன்னால் நடப்பதுதான் பெரிய படமாக இருக்கும் இல்லையா, அதே கதை. கூடைப்பந்து பார்க்கப் போகிறவளும் நாடகத்தில் நடிக்கப் போகிறவளும் ஒருத்தியாக இருப்பது தற்செயல் அல்ல என்பதுதான் என் கட்சி.

1986

டென்ட் போடும் வழக்கம் 1986இல் தொடங்கியது. டியூக்கின் பரம வைரி, பத்து மைல் தூரத்தில் சாப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். அந்த அணியுடனான மேட்சுக்கு நல்ல இடம் பிடிக்க விடுதி மாணவர்கள் பதினைந்து பேரளவில், வாடகைக்கு டென்ட் எடுத்து சில நாள் முன்னதாகவே அரங்க வாசலில் அடித்தார்கள். அந்த மேட்சை டியூக் வென்றது. அந்த ஆண்டு அணி 37 வெற்றி, 3 தோல்வி என்று தேசிய இறுதிப்போட்டி வரை போய் லூயிவில் அணியிடம் தோற்றது. டென்ட் மட்டும் நிலைத்துவிட்டது.

பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியின் பெயரையே அந்தக் குடியிருப்புக்கு வைத்தார்கள்: ஷெஷெவ்ஸ்கிவில். வாய்க்குள் நுழையாததால் கே-வில். சிகாகோவில் போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்து, ராணுவக் கல்லூரியில் படித்து வந்த அவர் 1980இல் டியூக்குக்கு வந்தபோது யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் 38 வெற்றி, 47 தோல்வி. தூக்கிவிடுங்கள் என்று பழைய மாணவர்கள் குரல் கொடுத்தார்கள். நிர்வாகம் பொறுத்தது. பிறகு 1991, 1992, 2001, 2010, 2015 என ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. 2022இல் ஓய்வு பெற்றபோது மொத்த வெற்றி 1,202. டென்ட்காரர்களுக்கு பீட்சா வாங்கி அனுப்புவதும், பெரிய மேட்சுக்கு முன்பு அவர்களை அரங்குக்குள் அழைத்துத் தனியாகப் பேசுவதும் அவர் வழக்கம். கூட்டத்தையும் அணியில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதர்.

அதே 1986இல் அந்த வளாகத்தில் வேறு இரண்டு சங்கதிகளும் நடந்தன. பிரையன் சென்டரில் உள்ள ரெனால்ட்ஸ் அரங்கில், பிராட்வேக்குப் போகும் முன் வெள்ளோட்டமாக யூஜின் ஓநீலின் 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகம் நடந்தது. ஹாலிவுட் நடிகர் ஜாக் லெம்மன் நடிக்க, ஜொனதன் மில்லர் இயக்கம். இன்னொரு பக்கம், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொடர்புள்ள நிறுவனங்களில் பல்கலைக்கழகம் வைத்திருந்த முதலீட்டை எதிர்த்து, மாணவர்கள் தேவாலயத்தின் முன்னால் தகரக் குடிசைகள் போட்டுப் போராடினார்கள்.

இந்தக் குடிசைகள் வளாகத்தின் அழகைக் கெடுக்கின்றன என்று மாணவர் நாளிதழில் ஒரு புகார் வந்தது. அதற்கு ஒரு மாணவி பதில் எழுதினாள். இந்த வளாகத்தை வரைந்தவர் என் கொள்ளுத்தாத்தா முறை, அவர் கறுப்பினத்தவர், தன் நாட்டிலேயே நிறப் பாகுபாட்டை அனுபவித்தவர், குடிசை போட்டவர்கள் பக்கம்தான் நின்றிருப்பார் என்பது அதன் சாரம். பெரும்பாலான மாணவர்களுக்கு அது அன்றுவரை தெரியாத செய்தி. அந்தக் கட்டடக் கலைஞரின் பெயர் ஜூலியன் ஏபெல். பிலடெல்ஃபியாவில் ஹோரஸ் ட்ரம்பாவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். புகையிலையிலும் மின்சாரத்திலும் பணம் குவித்த ஜேம்ஸ் டியூக் 1924இல் எழுதிவைத்த அறக்கொடையில் எழும்பிய கல் கட்டடங்கள், வானளாவும் தேவாலயம், 1940 ஜனவரியில் திறந்த கூடைப்பந்து அரங்கு எல்லாம் அவருடைய மேசையில் பிறந்தவை. அவர் வரைந்த வகுப்பறைகளில் கறுப்பின இளநிலை மாணவர்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1963இல். அவர் 1950இலேயே இறந்துவிட்டார். நடுவளாகத்துக்கு அவர் பெயரை வைக்க 2016 வரை ஆனது. விரல்களை ஆட்டிக் கூச்சல் போடும் பிள்ளைகளில் எத்தனை பேர் மேற்கூரையை அண்ணாந்து பார்த்து இதை நினைப்பார்கள்? நினைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன்; அவ்வளவுதான்.

சட்டப் புத்தகம்

கே-வில்லின் விதிகளை எழுதுவது மாணவர் மன்றம். ஒரு பஞ்சாயத்து போர்டு தோற்றுப்போகும் அளவுக்கு நுணுக்கம். ஒரு டென்ட்டுக்குப் பன்னிரண்டு பேர்வரை. கறுப்பு, நீலம், வெள்ளை என மூன்று வகை. கறுப்பு டென்ட் என்றால் மேட்சுக்குப் பல வாரம் முன்பே குடியேற வேண்டும். அரங்குக்குள் முதலில் நுழையும் உரிமையும் அவர்களுக்கே. நீண்ட காலம் நடைமுறையில் இருந்த கணக்குப்படி கறுப்பு டென்ட்டில் பகலில் இரண்டு பேர், இரவில் பத்துப் பேர் இருந்தாக வேண்டும். நீலத்துக்குச் சலுகை கூடுதல், வெள்ளைக்கு இன்னும் கூடுதல். எவ்வளவு தாமதமாக வருகிறாயோ அவ்வளவு பின்னால் நில்.

லைன் மானிட்டர்கள் என்று மாணவர்களிலேயே சிலர். ஹாரன் அடிப்பதும் பதிவு எடுப்பதும் அவர்கள் வேலை. ஒரு முறை ஆள் குறைந்தால் எச்சரிக்கை. மறுபடி குறைந்தால் மொத்த டென்ட்டும் வரிசையின் கடைசிக்குப் போகும். கடும் குளிரோ பனிப்பொழிவோ வந்தால் 'கிரேஸ்' அறிவிப்பார்கள். அன்று எல்லோரும் விடுதிக்குப் போய்த் தூங்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக மாணவர்கள் வானிலை அறிக்கையைப் பார்ப்பதுபோல் விவசாயி கூடப் பார்க்க மாட்டான்.

நம் மாணவியின் டென்ட்டில் ஒரு கால அட்டவணை உண்டு. பன்னிரண்டு பேரின் வகுப்பு, தேர்வு, ஒத்திகை, தூக்கம் எல்லாம் கட்டம் கட்டமாக. "செவ்வாய் ராத்திரி எனக்கு நாடக ரிகர்சல், நீ பார்த்துக்கோ, வியாழன் உன் ஷிஃப்டை நான் எடுத்துக்கறேன்" என்ற பேரம் தினமும் நடக்கும். ஒரு டென்ட்டில் சேர்ந்திருந்தவர்கள் நாலு வருஷம் நண்பர்களாக இருப்பார்கள். பிப்ரவரி முடிவதற்குள் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. பன்னிரண்டு பேரில் யார் ஓடி ஓடி வருகிறார்கள், யார் சாக்கு சொல்கிறார்கள் என்பது மூன்றாவது வாரத்தில் தெரிந்துவிடும். விடுதி அறையில் நாலு வருஷம் தெரியாத குணம் இங்கே தெரியும்.

உள்ளே நுழைவது இலவசம். அதுதான் முக்கியம். அரங்கில் மொத்தம் 9,314 இடங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெரும் நன்கொடை தருகிறவர்கள் மேல் தளத்தில் வசதியான இருக்கைகளில் இருப்பார்கள். ஆடுகளத்தின் ஓரத்தை ஒட்டிய கீழ்த்தளத்துப் பலகைகள், பந்து முகத்தில் படும் தூரம், மாணவர்களுக்கு. பணம் கொடுத்தவன் மாடியில், காசே கொடுக்காதவன் களத்தருகில். உலகத்தில் அனேகமாக எல்லா விளையாட்டு அரங்குகளும் தலைகீழாகச் செய்வதை இங்கே நேராகச் செய்கிறார்கள்.

தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பலகைகளில் கோட் போட்ட கனவான்களை உட்காரவைத்தால் தொலைக்காட்சியில் என்ன இருக்கும்? ஒளிபரப்பு உரிமைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பிள்ளைகளின் நீலச் சாயத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். ஆடுகிற பையன்களுக்கே நீண்டகாலம் உதவித்தொகை தவிர ஒன்றும் இல்லாதிருந்தது. 2021 ஜூலையிலிருந்துதான் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025இல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஊதியமில்லாத கலைஞர்களாக மிச்சம் இருப்பது இப்போது கூட்டம் மட்டும்தான்.

மாமா எழுதிய கடிதம்

'கேமரன் கிரேஸீஸ்', அதாவது கேமரன் கிறுக்கர்கள் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். 1972இல் எடி கேமரன் என்ற பழைய பயிற்சியாளரின் பெயர் அரங்குக்கு வைக்கப்பட்டது. கிறுக்கு என்பது பிள்ளைகளின் சொந்தச் சொத்து.

கிறுக்கு எல்லை மீறியதும் உண்டு. 1984 ஜனவரியில் மேரிலாண்ட் அணி வந்தது. அதில் ஓர் ஆட்டக்காரர் மேல் பாலியல் புகார் எழுந்திருந்த நேரம். மாணவர்கள் பெண்களின் உள்ளாடைகளையும் ஆணுறைகளையும் களத்தில் வீசினார்கள். கேட்க முடியாத கோஷங்கள். நாடெங்கும் பத்திரிகைகள் காறித் துப்பின. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் டெர்ரி சான்ஃபோர்ட், வட கரோலினாவின் முன்னாள் ஆளுநர். அரசியல்வாதி என்பதால் ஆணை போடுவது எவ்வளவு வீண் என்று அவருக்குத் தெரியும். மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். புத்திசாலிகள் நீங்கள், வேடிக்கையாக இருங்கள், ஆபாசம் எதற்கு என்ற தொனியில், கோபமே இல்லாமல். கீழே கையெழுத்து: டெர்ரி மாமா.

அடுத்த சில நாட்களில் வட கரோலினா அணி வந்தது, மைக்கேல் ஜோர்டான் அப்போது அதில் ஆடிக்கொண்டிருந்தார். மாணவர்கள் தலையில் அலுமினியத் தாளில் செய்த ஒளிவட்டங்களோடு தேவதைகளாக வந்து நின்றார்கள். எதிரணியை வரவேற்கும் மரியாதையான பதாகைகள். நடுவர் பிடிக்காத தீர்ப்புச் சொன்னபோது வழக்கமான வசவு எழவில்லை. "தங்கள் கருத்திலிருந்து மாறுபட அனுமதி வேண்டுகிறோம்" என்று ஆயிரம் குரல் ஒரே சுருதியில் எழுந்தது. மேட்சை ஜோர்டானின் அணி வென்றது. அதைப் பற்றி இன்று டர்ஹமில் யாரும் பேசுவதில்லை, ஒளிவட்டத்தைப் பேசுகிறார்கள்.

அந்த வளாகத்தில் அரங்கேறிய சிறந்த அங்கத நாடகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கண்டித்தவருக்கும் பதில், கண்டனத்துக்கும் கீழ்ப்படிதல், இரண்டையும் ஒரே உடையலங்காரத்தில் முடித்துவிட்டார்கள். எழுதியது யார், இயக்கியது யார் என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்காது.

2003இல் ஒரு மாணவர் எதிரணி ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோ எறிய நின்ற நேரத்தில், கூட்டத்தின் நடுவே சட்டையைக் கழற்றி நீச்சல் ஜட்டியோடு நின்று ஆடினார். இரண்டு எறிதலும் தவறின. அவர் கூடைப்பந்தை எறியவில்லை, ஆனாலும் அன்று ஸ்கோர்கார்டில் அவருக்கும் பங்கு உண்டு. நாடகத்துறையில் இதற்கு மதிப்பெண் போட மாட்டார்கள் என்பது துரதிர்ஷ்டம்.

இன்னொரு நடிகரையும் சொல்ல வேண்டும். நீலப் பிசாசு. முதல் உலகப்போரில் பிரெஞ்சு மலைப்படையினருக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயர் கடல் தாண்டி வந்து, மெதடிஸ்ட் பாதிரிமார் வளர்த்த கல்லூரிக்குச் சின்னமாகிவிட்டது. பிசாசின் முகமூடிக்குள் ஒரு மாணவர் இருப்பார். பேசக் கூடாது. நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டி, அதில் ஒவ்வொரு மேட்சுக்கும் எதிரணியைச் சீண்டும் ஒரு வரி. ரசிகனும் நடிகனும் ஒரே தோலுக்குள் இருப்பது இங்கே உவமை கூட இல்லை, உத்தியோகம்.

முப்பத்தாறு விநாடி

காத்திருந்ததற்கெல்லாம் பலன் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 2019 பிப்ரவரி 20ஆம் தேதி இரவு. அந்த வருஷம் டியூக் அணியில் சையன் வில்லியம்சன் ஆடினார். அமெரிக்கத் தொழில்முறை லீகில் சேர 19 வயதாகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2006இலிருந்து உள்ளது. அதனால் இப்படிப்பட்ட மேதைகள் கல்லூரியில் ஒரே ஒரு பருவம் தங்கிப்போகும் விருந்தாளிகள். கைரி எர்விங் வந்த ஆண்டு காயம் பட்டு மொத்தமே 11 மேட்ச் ஆடிவிட்டுப் போனார். சையனை இந்த அரங்கில் வட கரோலினாவுக்கு எதிராகப் பார்க்கக் கிடைத்தது அந்த ஒரே இரவு. டிக்கெட் வெளிச்சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. முன்னாள் அதிபர் ஒபாமா வந்திருந்தார். ஜனவரியிலிருந்து டென்ட்டில் கிடந்தவர்கள் முன்வரிசையில்.

மேட்ச் தொடங்கி 36ஆவது விநாடியில் சையனின் ஷூ கிழிந்து அடிப்பாகம் கையோடு வந்தது. முழங்கால் பிசகிக் கீழே விழுந்தவர் திரும்பி வரவில்லை. டியூக் 72, வட கரோலினா 88. பல வாரக் குளிருக்கு 36 விநாடி. அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு இது இன்று பெருமையாகிவிட்டது. கல்யாண வீட்டில், அலுவலகத்தில், எங்கே போனாலும் சொல்ல ஒரு கதை. தோற்ற மேட்சுகளின் ஆயுள் ஜெயித்தவற்றைவிட அதிகம்.

மேடையில் ஒளிய இடமில்லை

இப்போது நம் மாணவியின் மாலைப் பொழுதுக்கு வருவோம். டியூக்கில் மாணவர்களே நடத்தும் இசை நாடகக் குழுவின் பெயர் ஹூஃப் அண்ட் ஹார்ன். 1941இல் தொடங்கியது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இவ்வகைக் குழுக்களில் இதுவே மூத்தது. இயக்கம், நடனம், இசை, ஒளி, உடை, கணக்கு வழக்கு என எல்லாம் மாணவர் கையில். கரகோஷத்தில் பங்கு கேட்க ஆசிரியர்கள் வருவதில்லை. சொதப்பினால் பழி போடவும் ஆள் கிடையாது.

வளாகத்தில் இது ஒன்று மட்டுமில்லை. இசைக்கருவி இல்லாமல் வாயாலேயே பாடும் அகப்பெல்லா குழுக்கள் பல. 1979இல் உருவான பிட்ச்ஃபோர்க்ஸ் குழு கூடைப்பந்து மேட்சுகளில் தேசிய கீதம் பாடுவது வழக்கம். மேடையும் அரங்கும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடம் அது. கொஞ்சம் பின்னால் போனால், 1930களில் 'டியூக் ப்ளூ டெவில்ஸ்' என்று மாணவர்கள் ஒரு நடன இசைக்குழு வைத்திருந்தார்கள். அதை நடத்திய லெஸ் பிரவுன் பட்டம் வாங்கிக்கொண்டு போய் அமெரிக்காவின் பிரபல இசைக்குழுத் தலைவர்களில் ஒருவரானார்.

தெற்காசிய மாணவர் அமைப்பு தியா ஆண்டுதோறும் நடத்தும் 'ஆவாஸ்' விழா, ஆயிரத்துக்கும் அதிகமான இருக்கைகள் உள்ள பேஜ் அரங்கில் நடக்கும். பாங்க்ரா, பாலிவுட், பரதம் என்று குழுக் குழுவாக ஆடுவார்கள். நம் மாணவி முதலாண்டில் ஆடியது அதில்தான். கேரியும் அதன் சுற்றுப்புறமும் மென்பொருள், மருந்து நிறுவனங்களை நம்பி இந்தியக் குடும்பங்கள் குடியேறிய பகுதி. அங்குள்ள வேங்கடேசுவரர் கோயிலில் 87 அடி கோபுரம் 2022இல் திறக்கப்பட்டது. ஏழு வயதிலிருந்து சனிக்கிழமை பரத வகுப்பு, ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று வளரும் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? சிலர் சலங்கையை மூட்டை கட்டி வைப்பார்கள். சிலர் அடவை எடுத்துக் குத்துப்பாட்டில் கலப்பார்கள். பஞ்சாபிப் பையனும் குஜராத்திப் பெண்ணும் அர்த்தம் தெரியாமல் தமிழ்ப் பாட்டுக்கு வாயசைக்கும் காட்சி, எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டுச் சாதிக்க முடியாதது.

ஆவாஸில் ஆடியபோது அவளைச் சுற்றி இருபது பேர். ஒரு காலடி பிசகினால் யாருக்கும் தெரியாது. இசை நாடகத்தில் அவளுக்குத் தனியாக ஒன்றரை நிமிடம் உண்டு. ஒற்றை விளக்கு, அவள் குரல், எதிரே ஐந்தடியில் முதல் வரிசை. கேமரனில் தொண்டை கிழியக் கத்துகிறவள் இங்கே முதல் வாரம் வாயைத் திறக்கவே பயப்படுவாள். கூட்டம் கொடுக்கும் தைரியம் வேறு, தனியாக நிற்கும் தைரியம் வேறு. முன்னது தொலைக்காட்சியில் வரும், பல லட்சம் பேர் பார்ப்பார்கள். பின்னதை அவளது டென்ட் நண்பர்களும் பெற்றோரும் இன்னும் சில பேரும் பார்ப்பார்கள். சில நாள் காட்சி முடிந்ததும் நடித்தவர்களே சுத்தியல் எடுத்து அரங்க அமைப்பைப் பிரித்துப் போட வேண்டும். வண்ணம் அடித்த கையாலேயே ஆணி பிடுங்குவது.

எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பின்னதையே எடுப்பேன். ஆனால் டென்ட்டில் கற்றது மேடைக்கு வீணாவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருவது, அடுத்தவன் ஷிஃப்டைக் காப்பாற்றுவது, தூக்கம் கெட்டும் எரிந்து விழாமல் இருப்பது ஆகிய மூன்றும் தெரியாத நடிகரால் எந்தக் குழுவுக்கும் தொல்லைதான்.

ஒத்திகை வாழ்க்கையைத் திசை திருப்பிய கதைகளும் இங்கே உண்டு. பக்கத்து ஊர் கிரீன்ஸ்பரோவில் வளர்ந்த ஒரு கொரிய வம்சாவளிப் பையன் டாக்டராகும் நோக்கத்தோடு டியூக்கில் சேர்ந்தார். போகிற போக்கில் ஒரு நடிப்பு வகுப்பு எடுத்தார், நடிப்பு ஆசை தொற்றிக்கொண்டது. 1990இல் பட்டம் பெற்று, மருத்துவம் படிக்கப் போன இடம் எது தெரியுமா? பரம வைரியான வட கரோலினாவேதான். 1995இல் எம்.டி. ஆனார். பகலில் மருத்துவர், இரவில் மேடை நகைச்சுவையாளர். 'தி ஹேங்ஓவர்' படத்தில் மிஸ்டர் சௌவாக வந்து நம் ஊர்ப் பிள்ளைகளையும் சிரிக்கவைத்த கென் ஜியோங் அவர்தான். 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' தொடரில் நடித்த ரெட்டாவும் டியூக்கில் டாக்டர் கனவோடு படித்தவர். சில காலம் மருந்து நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்துவிட்டு நகைச்சுவை மேடைக்கு ஓடினார். இந்த இரண்டு பெயர்களையும் பெற்றோரிடம் சொல்லலாமா கூடாதா என்று ஒவ்வொரு மாணவியும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பலரும் கடைசியில் டாக்டராகவும் வங்கியாளராகவும்தான் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வீடு அமைதியாக இருக்கும்.

காலி அரங்கு

கூட்டம் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றுகிறதா? 2020-21 பருவம் ஒரு பதில் தருவதுபோல் இருந்தது. கொரோனா காரணமாக ரசிகர்கள் உள்ளே விடப்படவில்லை. டென்ட் இல்லை, ஹாரன் இல்லை. டியூக் 13 வெற்றி, 11 தோல்வியோடு முடித்தது. 1995க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குள் நுழையவில்லை. கூட்டம் இல்லாததுதான் காரணம் என்று கிரேஸீஸ் மார்தட்டிக்கொள்வார்கள். அந்த வருஷம் பல அணிகள் காலி அரங்கில் ஆடி ஜெயித்தும் இருக்கின்றன. டியூக்கோ அனுபவமில்லாத இளைஞர் அணி. ஆகவே முழுப் பெருமையும் இவர்களுக்கு இல்லை.

2022 மார்ச் 5ஆம் தேதி ஷெஷெவ்ஸ்கிக்குச் சொந்த அரங்கில் கடைசி மேட்ச். எதிரணி, வேறு யார், வட கரோலினா. நாற்பத்திரண்டு வருஷ முடிவு என்பதால் பழைய ஆட்டக்காரர்கள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் வந்து நின்றார்கள். திரைக்கதை எழுதியவன் இதற்கு மேல் என்ன கேட்பான்? 94-81 என்று தோற்றுப்போனார்கள். மைக்கைப் பிடித்த கிழவர் கூட்டத்திடம் வருத்தம் தெரிவிக்கத் தொடங்க, மாணவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, அவர் அவர்களை அடக்கி, இன்றைய ஆட்டம் ஏற்கவே முடியாதது என்று கறாராகச் சொல்லி முடித்தார். ஒரு மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதி. அதே எதிரணி. 81-77. மறுபடி தோல்வி, அதோடு அவர் பயிற்சி வாழ்க்கை முடிந்தது. அவர் இடத்தில் அமர்ந்தவர் 2010 பட்டம் வென்ற அணியில் ஆடிய ஜான் ஷையர்.

சொந்த அரங்கில் வட கரோலினாவை ஜெயித்தால் வளாகத்தில் பெரிய தீ மூட்டுவார்கள். விடுதிகளின் முன் மாணவர்களே செய்து சாயமடித்த மர பெஞ்சுகளைத் தூக்கிவந்து எரிப்பது வழக்கம். தீயணைப்புத் துறை அனுமதியோடு, அதிகாரிகள் பக்கத்தில் நிற்க. கிறுக்குக்கும் அனுமதிச் சீட்டு வாங்கும் ஊர்.

நாலு வருஷம் முடிந்துவிட்டால் டென்ட் உரிமையும் போய்விடும். பிறகு உள்ளே வர மாடி இருக்கைதான், அதற்கு நன்கொடைப் பட்டியலில் பெயர் வேண்டும். குறுக்குவழி ஒன்று இருக்கிறது: முதுகலையிலோ முனைவர் படிப்பிலோ சேர்வது. அவர்களுக்கு செப்டம்பரில் ஒரு வார இறுதியில் தனியாக முகாம் நடக்கும். சட்டம், மருத்துவம், மேலாண்மை படிக்கும் பெரியவர்கள் சாமான் ஏற்றும் வாடகை லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே மெத்தை போட்டுப் படுத்து, ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து ஓடிப் பதிவு செய்வார்கள். ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, பருவம் முழுதுக்குமான டிக்கெட் வாங்கும் வாய்ப்பைத் தருவார்கள்.

குலுக்கலில் பெயர் விழாதவர்கள் அழ வேண்டியதில்லை. அதே கேமரன் அரங்கில், அதே மரத்தரையில் டியூக்கின் பெண்கள் அணியும் ஆடுகிறது. ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற காரா லாசன் அதன் பயிற்சியாளர். 2025இல் தங்கள் மண்டலப் பட்டத்தை வென்ற அணி. அதற்கு டென்ட் அடிக்க வேண்டாம், விடியவிடிய விழிக்க வேண்டாம், நேரே நடந்துபோய் முன்வரிசையில் நிற்கலாம். இவ்வளவு கூடைப்பந்துப் பைத்தியம் பேசும் கூட்டத்தில் ஏன் அங்கே பலகைகள் நிறைவதில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால் நல்லது.